மூன்று ஃப்ரேம் முன்னால் ஒரு பிடி

அத்தியாயம் 5

போன அத்தியாயத்தில் தொலைந்த கிளி தானாகவே கூண்டுக்குத் திரும்பிவிட்டதால், கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இருந்த துப்பறியும் நிறுவனத்துக்கு அன்று காலை ஒரு வேலையும் இல்லை. நிறுவனம் என்றால் இரண்டே பேர். முதலாளி, அண்ணி. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் விண்ணப்பங்களை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தவர். ஒருநாள் மேலாளரின் விண்ணப்பத்தையே மோப்பம் பிடித்துத் தொலைத்ததால் வெளியே வந்தவர். உதவியாளன், அவருடைய கொழுந்தன். அண்ணன் மனைவி போகும் இடமெல்லாம் பின்னாலேயே போவதால் தெருவே அவனை வால் என்று கூப்பிட்டது. அவன் அதற்காகக் கோபப்பட்டதே இல்லை. வாலாவது ஆடும், தலைக்கு வலிதான் வரும் என்பது அவன் கட்சி.

அந்த வால் இப்போது மேசைமேல் இரண்டு காலையும் நீட்டிப் போட்டுக்கொண்டு, செல்போனில் யாரோ ஒரு அரக்கனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"காலை எடு."

திடுக்கிட்டு எடுத்தான். வாசலில் ஒரு பெரியம்மா. கையில் கைத்தடி, தோளில் பை, முகத்தில் யாரையாவது திட்டியே தீருவது என்ற உறுதி.

"நீதான் துப்பறியறவனா?"

"இல்லம்மா. நான் கூட இருந்து தொந்தரவு பண்றவன். அறியறவங்க அவங்க."

பெரியம்மா அண்ணியின் எதிரே உட்கார்ந்து கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டார். "என் மருமகளைத் திருடின்னு சொல்லிட்டாங்க."

"எதைத் திருடினாங்களாம்?" என்றார் அண்ணி.

"நேரத்தை."

வால் செல்போனை அணைத்தான். கிளி வழக்கைவிட இது தேவலாம் என்று பட்டது.

கதை இதுதான். மருமகள் ஒரு பல் டாக்டர். வாரம் முழுக்க ஊராரின் பல்லைப் பிடுங்குவார், விடுமுறை நாளில் சண்டை விளையாட்டுப் போட்டிகளில் ஊராரைத் தூக்கிப் போடுவார். திரையில் இரண்டு பொம்மைகள் அடித்துக்கொள்ளும் ஆட்டம்தான். மற்றவர்கள் குத்துவார்கள், உதைப்பார்கள். இவர் பிடித்துத் தூக்கிப் போடுவது ஒன்றையே செய்வார். பிடித்தால் விடாததால் ஆட்டக்காரர்கள் வைத்த பெயர், குறடு. இன்று நகரமன்றத்தில் இறுதி ஆட்டம். எதிராளி மின்னல் என்ற இளைஞன், நடப்பு சாம்பியன். டாக்டர் பட்டன் அமுக்கி ஆடும் கன்ட்ரோலருக்குள் ஏதோ மெஷின் ஒளிந்திருக்கிறது, அதுதான் மனிதக் கைக்கு முடியாத வேகத்தில் பிடித்து நேரத்தைத் திருடுகிறது என்று அவன் காலையில் புகார் கொடுத்திருக்கிறான். இறுதி ஆட்டம் தொடங்குவதற்குள் இல்லையென்று நிரூபிக்காவிட்டால் ஆயுசுக்கும் தடை.

"அவ பண்ற தப்பு ஆயிரம் எனக்குத் தெரியும்," என்றார் பெரியம்மா. "ஈரத் துண்டைக் கட்டில்ல போடுவா. லைட்டை அணைக்க மாட்டா. வாய் வலிக்கச் சொல்லியிருக்கேன். ஆனா அதெல்லாம் நான் சொல்லணும். வெளியில இருந்து ஒருத்தன் சொல்ல அவன் யாரு?"

அண்ணி பையை எடுத்துத் தோளில் மாட்டினார். வால் சட்டையை உள்ளே செருகினான்.

பஸ்ஸில் ஏறியதும் அண்ணி கேட்டார். "புகார்ல ஃப்ரேம் ஃப்ரேம்னு சொல்லியிருக்காங்களாமே, அது என்ன?"

வாலுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக அண்ணிக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிந்திருந்தது. கழுத்தை நிமிர்த்திக்கொண்டான். "ஒரு செகண்டை அறுபது துண்டா நறுக்குங்க. ஒரு துண்டுக்குப் பேரு ஃப்ரேம். ஆட்டத்துல எதைச் செஞ்சாலும் அதுக்கு இத்தனை துண்டு ஆகும்னு கணக்கு இருக்கு. அந்தக் கணக்குதான் ஃப்ரேம் டேட்டா. நல்ல ஆட்டக்காரங்க அதைத் தூக்கத்துல கேட்டாலும் ஒப்பிப்பாங்க."

"ஆட்டம் எப்படி?"

"மூணே விஷயம் அண்ணி. அடி, தடுப்பு, பிடி. அடிச்சா தடுத்துக்கலாம். தடுத்துக்கிட்டே நின்னா பிடிச்சுத் தூக்கிப் போட்டுடுவாங்க. பிடிக்க வர்றவனை அடிச்சா அவன் காலி."

"குடும்பம் மாதிரி இருக்கு."

முன் இருக்கையிலிருந்து பெரியம்மா திரும்பினார். "இதுல மாமியார் யாரு?"

"நடுவர்தாம்மா. அவங்க சொன்னா மறுபேச்சு கிடையாது."

பெரியம்மாவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. கைத்தடியால் தரையில் ஒரு தட்டு தட்டி ஆமோதித்தார்.

"பிடிக்கப் போய்ப் பிடி தப்பிடுச்சுன்னா?" என்றார் அண்ணி.

"காத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அரை செகண்ட் சிலையா நிக்கணும். இந்த ஆட்டத்துல அரை செகண்ட்னா எதிராளி டீ குடிச்சிட்டு வந்து அடிக்கலாம். அதனாலதான் முக்கால்வாசிப் பேர் பிடிக்கவே போறதில்ல. இந்த டாக்டருக்குத் தப்பறதே இல்லையாம்."

"தப்பாது," என்றார் பெரியம்மா, குரலைத் தாழ்த்தி. "உங்ககிட்ட மட்டும் சொல்றேன். அவ மனசைப் படிக்கிறவ. சாயந்திரம் கூடத்துல நாற்காலியில உட்கார்ந்திருப்பேன். எழுந்திருக்கலாமான்னு நான் நினைக்கறதுக்குள்ள, உள் ரூம்ல இருந்து கைத்தடியை எடுத்துட்டு வந்து நிப்பா. எனக்கே பயமா இருக்கும்."

"படுத்திருக்கும்போது?"

"அப்பல்லாம் கூப்பிட்டாத்தான் வருவா. அதுவும் ரெண்டு தடவை."

அண்ணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அவர் அப்படிப் பார்த்தால் கணக்கு எதுவோ ஓடுகிறது என்று அர்த்தம். வால் தன் வாயை மூடிக்கொண்டான். அவனுக்கு அது லேசான காரியம் இல்லை.

நகரமன்றத்தில் திரைகளுக்கு முன்னால் இரும்பு மடக்கு நாற்காலிகள் இரண்டிரண்டாகப் போடப்பட்டிருந்தன. ஆட்டக்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே திரையைப் பார்த்து ஆட வேண்டும். விசாரணை பக்கத்து அறையில். நடுவர் கழுத்தில் விசில் தொங்கவிட்டிருந்தார். இந்த ஆட்டத்துக்கு விசிலே தேவையில்லை என்றாலும் அது இல்லாமல் அவரால் அதிகாரமாக இருக்க முடியவில்லை போலிருந்தது. மஞ்சள் சட்டையில் சுவரோரம் சாய்ந்து நின்றவன் மின்னல். நாற்காலியில் கையைக் கோத்துக்கொண்டு, தன் அறை வாசலில் காத்திருக்கும் நோயாளியைப் போலவே முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தவர் டாக்டர்.

"எப்படிப் பிடிக்கறீங்க?" என்று நேராகக் கேட்டார் அண்ணி.

"எனக்கே தெரியலையே," என்றார் டாக்டர். "இப்பன்னு தோணும். அமுக்குவேன்."

"பார்த்தீங்களா?" என்றான் மின்னல். "இவங்க வாக்குமூலமே இவ்வளவுதான்."

அவன் தன் மடிக்கணினியைத் திருப்பி வைத்தான். டாக்டர் ஆடிய ஆட்டங்களை ஒவ்வொரு ஃப்ரேமாக நிறுத்தி நிறுத்திக் காட்டினான். எதிராளியின் பொம்மை கையைக் குறுக்கே வைத்துத் தடுப்புக்குப் போகிறது. ஒன்று. இரண்டு. இரண்டாவது ஃப்ரேமில் டாக்டரின் பொம்மையின் கை எதிராளியின் கழுத்தில். அடுத்த ஆட்டத்திலும் அப்படியே. அதற்கடுத்த ஆட்டத்திலும்.

"கண்ணு பார்த்து, மூளைக்குப் போய், விரல் அமுக்கறதுக்கு எப்பேர்ப்பட்ட ஆளுக்கும் பதினஞ்சு ஃப்ரேம் ஆகும். ரெண்டு ஃப்ரேம்ல அமுக்கறது மனுஷ விரல் இல்ல. மெஷின்."

நடுவர் தலையை ஆட்டினார். பெரியம்மாவின் கைத்தடி தரையிலிருந்து ஓரங்குலம் உயர்ந்தது. வால் நைசாக அதன் எல்லையிலிருந்து நகர்ந்துகொண்டான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது, தப்பா நினைக்காதீங்க," என்றார் அண்ணி. இப்படி ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் ஓடிவிடுவது நல்லது என்று வாலுக்குத் தெரியும். மின்னலுக்குத் தெரியாதே. "பட்டனை அமுக்கினா எல்லாமே உடனே நடந்துடுமா? குத்துக்கு எவ்வளவு ஆகும்?"

"நாலு ஃப்ரேம்."

"உதைக்கு?"

"ஒன்பது. தாவி உதைச்சா பதினொண்ணு. சுழன்று உதைச்சா பதினாலு." கடகடவென்று வந்தது.

"பிடிக்கு?"

கடகட நின்றது. மின்னல் தலையைச் சொறிந்தான். "பிடிக்கறதெல்லாம் ஒரு ஆட்டமா? அடிக்கத் தெரியாதவங்க பண்றது அது. நான் அந்தப் பக்கத்தையே திறந்து பார்த்ததில்ல."

அண்ணி நடுவரைப் பார்த்தார். நடுவர் விசிலைப் பார்த்தார். அவரும் இளவயதில் அடிக்கிற கட்சிதான் என்று தெரிந்தது.

"வால்."

வால் செல்போனில் ஆட்டத்தின் ஃப்ரேம் டேட்டா பக்கத்தை ஏற்கெனவே திறந்து வைத்திருந்தான். "பிடி. அமுக்கினதுல இருந்து கை போய்ச் சேர அஞ்சு ஃப்ரேம்."

"சேர அஞ்சு ஆகும். ஆனா தடுப்பு ஆரம்பிச்சு ரெண்டாவதுலயே சேர்ந்துடுச்சு. அப்ப டாக்டர் பட்டனை அமுக்கினது எப்ப?"

நடுவர் விரல்விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். "தடுப்புக்கு மூணு ஃப்ரேம் முன்னாடி!"

"நடந்ததைப் பார்த்து அமுக்கற மெஷின் இருக்கலாம். இன்னும் நடக்காததைப் பார்த்து அமுக்கற மெஷின் இருக்கா? இருந்தா சொல்லுங்க, எங்க ஆபீசுக்கு ஒண்ணு வாங்கிப் போட்டுட்டு நாங்க வீட்டுல படுத்துக்கறோம்."

மின்னல் பல்லை நறநறவென்று கடித்தான். டாக்டர் சட்டென்று நிமிர்ந்து அவன் கன்னத்தைப் பார்த்தார். அவமானப்பட்டவன் முகத்தை அப்படிப் பார்க்கலாமா என்று வாலுக்குக்கூடக் கொஞ்சம் பாவமாக இருந்தது.

ஆனால் சாம்பியன் என்றால் சும்மாவா? இரண்டு மூச்சு விடுவதற்குள் மின்னலின் முகத்தில் வெளிச்சம் திரும்பிவிட்டது.

"ரொம்ப நன்றி மேடம். எனக்குத் தெரியாததை நீங்களே கண்டுபிடிச்சுக் குடுத்துட்டீங்க. எதிராளி அமுக்கற பட்டன் ஒயர் வழியா வந்து திரையில தெரியறதுக்கு ரெண்டு மூணு ஃப்ரேம் ஆகும். அப்ப இவங்க பார்க்கறது திரையை இல்ல. எதிராளியோட ஒயரையே ஒட்டுக் கேக்கறாங்க!"

நடுவர் எழுந்தே நின்றுவிட்டார். "இதுக்கு ஆயுசுத் தடை பத்தாதே!"

பெரியம்மா அண்ணியின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ காப்பாத்த வந்தியா, கழுத்தறுக்க வந்தியா?"

வாலுக்கும் அதே சந்தேகம்தான். கடைக்கண்ணால் அண்ணியைப் பார்த்தான். அண்ணியின் காதுமடல் சிவந்திருந்தது. தான் வெட்டிய குழியில் தானே நிற்கிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டால் அப்படித்தான் சிவக்கும்.

ஸ்க்ரூடிரைவர் வந்தது. டாக்டரின் கன்ட்ரோலரைப் பிரித்தார்கள். உள்ளே ஒரு பிஸ்கட் துணுக்கு. மேசைக்கு அடியில் தடவினார்கள். எப்போதோ யாரோ ஒட்டிய சூயிங்கம். திரையின் முதுகு, ஒயர், பிளக் எல்லாம் பார்த்தாயிற்று. வால் சூயிங்கத்தில் கைவைத்த விரலை எங்கே துடைப்பது என்று தேடிக்கொண்டிருந்தான்.

"கழட்டி எங்கயாவது ஒளிச்சிருப்பாங்க," என்றான் மின்னல்.

"இவங்க ஆடின எல்லா ஆட்டமும் இதுல இருக்கா?" என்றார் அண்ணி, மடிக்கணினியைக் காட்டி.

"ஒண்ணைத் தவிர. அதுல இவங்க பிடி ஒண்ணுகூடச் சரியா விழல. அது எதுக்கு? தேவையில்லைன்னு விட்டுட்டேன்."

"நீங்க தேவையில்லைன்னு விட்டதுதான் எனக்குத் தேவை."

போட்டி நடத்துபவர்கள் ஆளும் திரையும் தெரிய எடுத்த வீடியோ பதிவிலிருந்து அந்த ஆட்டத்தைத் தேடிப் போட்டார்கள். எதிராளி ஒரு பஸ் டிரைவர். டாக்டரின் பொம்மை திரும்பத் திரும்பக் காற்றைக் கட்டிப்பிடித்துச் சிலையாக நின்று அடி வாங்கியது. டிரைவர் பாதியில் விலகிக்கொண்டதால்தான் டாக்டர் ஜெயித்திருந்தார்.

"அன்னிக்கு மெஷின் லீவு," என்றான் வால்.

"திரையைப் பார்க்காதே. ஆளைப் பார். மத்த ஆட்டத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

வால் உற்றுப் பார்த்தான். பஸ் டிரைவருக்கு மீசை இருந்தது. மற்றவர்களிலும் மீசைக்காரர்கள் உண்டு. சட்டை, வாட்ச், தொப்பை... "நிக்கறாரு அண்ணி! மத்த எல்லாரும் உட்கார்ந்து ஆடறாங்க. இவரு நின்னுக்கிட்டே ஆடறாரு."

"அவருக்கு முதுகு வலி," என்றார் நடுவர். "நாள் பூரா ஓட்டறவரு. கேட்டாரு, அனுமதி குடுத்தேன். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

அண்ணி பெரியம்மாவையும் அவர் உட்கார்ந்திருந்த இரும்பு நாற்காலியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, டாக்டரை மட்டும் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாலை யாரும் கூப்பிடவில்லை. வாலை எதற்குக் கூப்பிட வேண்டும்?

"உங்களைக் காப்பாத்த எனக்கு வழி தெரிஞ்சுடுச்சு," என்றார் அண்ணி. "ஆனா அதை எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டணும். மின்னலும் பார்ப்பான். பார்த்துட்டான்னா உங்க பிடி அவன்கிட்ட பலிக்காது. திருடின்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ஆனா இறுதி ஆட்டம் கைநழுவிப் போயிடும்."

டாக்டர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கோப்பை மேல் அவருக்கு எவ்வளவு ஆசை என்பது கம்பியைப் பிடித்த பிடியிலேயே தெரிந்தது. "நாளைக்குக் காலையில என் கிளினிக்குக்கு ஆளுங்க வருவாங்க. கையில ஊசியும் குறடும் வச்சுக்கிட்டு நிப்பேன். என்னை நம்பிக் கண்ணை மூடிக்கிட்டு வாயைத் திறப்பாங்க. திருடின்னு பேர் வாங்கினவ முன்னாடி யாருங்க வாயைத் திறப்பாங்க?" கம்பியை விட்டார். "கோப்பை போனா போகுது. செஞ்சு காட்டுங்க."

வால் கிண்டலை மறந்து, அறைக் கதவை அவருக்காகத் திறந்து பிடித்துக்கொண்டான்.

அண்ணி அறைக்குத் திரும்பி நடுவரிடம் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். அறையில் இருந்த ஆட்டத் திரைக்கு முன்னால் மின்னலை மடக்கு நாற்காலியில் உட்கார வைத்தார். பக்கத்தில் வால். டாக்டரை அறையின் கோடியில், திரைக்கு முதுகு காட்டி, வெறும் சுவரைப் பார்த்து நிற்க வைத்தார். கையில் ஒன்றும் இல்லை என்று விரித்துக் காட்டச் சொன்னார்.

"நீங்க ரெண்டு பேரும் ஆடுங்க. டாக்டர், உங்களுக்கு எப்ப 'இப்ப'ன்னு தோணுதோ அப்ப கையைத் தூக்குங்க. நடுவர் ஐயா, நீங்க கையையும் பாருங்க, திரையையும் பாருங்க."

ஆட்டம் தொடங்கியது. வால் தன் அரக்கனோடு மல்லுக்கட்டிப் பழகிய விரலால் குத்தினான். டாக்டரின் கை உயர்ந்தது. அடுத்த கணம் மின்னலின் பொம்மை தடுப்புக்குப் போனது. வால் உதைத்தான். கை உயர்ந்தது. தடுப்பு. மறுபடி கை. மறுபடி தடுப்பு. நடுவரின் வாயிலிருந்து விசில் நழுவி நெஞ்சில் ஆடியது.

"இப்ப எழுந்து நின்னு ஆடுங்க தம்பி," என்றார் அண்ணி.

மின்னல் நின்றான். வால் குத்தினான், உதைத்தான். மின்னல் தடுத்தான், தடுத்தான், தடுத்தான். டாக்டரின் கை அசையவே இல்லை.

சுவரைப் பார்த்தபடியே டாக்டர் கேட்டார். "இன்னும் ஆரம்பிக்கலையா?"

அண்ணி காலியாக இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்து லேசாகப் பின்னால் அழுத்தினார். மடக்கு மூட்டில் மெல்லியதாக ஒரு சத்தம். கிறீச்.

"இதுதான் உங்க மெஷின்," என்றார். "அடி விழப் போகுதுன்னா மனுஷ உடம்பு பின்னால சாயும். கை பட்டனுக்குப் போறதுக்கு முன்னாடியே முதுகு சாஞ்சுடும். நாம அதைக் கவனிக்கறதில்ல. ஆனா பல் பிடுங்கற டாக்டர் வருஷக்கணக்கா அந்தச் சத்தத்துக்குப் பக்கத்துலதான் நிக்கறாங்க. ஊசியைப் பார்த்து நோயாளி துள்ளறதுக்கு முன்னாடி நாற்காலி சொல்லிடும். இவங்க கை தாடையைப் பிடிச்சுடும். அவங்களுக்கே தெரியாம காது கத்துக்கிட்ட பாடம்."

டாக்டர் திரும்பி நாற்காலியைப் பார்த்தார். கூட வேலை செய்கிறவரை அன்றுதான் அறிமுகப்படுத்தி வைத்தது போல அவர் முகம் இருந்தது.

பெரியம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப இவ என் மனசைப் படிக்கலையா?"

"இல்லம்மா. உங்க நாற்காலியைத்தான் படிச்சிருக்காங்க."

"அடிப்பாவி! நீ படிச்சுடுவேன்னு பயந்து, இத்தனை வருஷமா உன்னை மனசுக்குள்ள கூடத் திட்டாம இருந்தேனே!"

"வாயால திட்டினதே போதும் அத்தை," என்றார் டாக்டர். காலையிலிருந்து முதல்முறையாகச் சிரித்தார்.

காது என்பது இயந்திரம் அல்ல, அது உடம்போடு வந்தது, அதைக் கழற்றி வைத்துவிட்டு ஆடச் சொல்ல விதியில் இடமில்லை என்று நடுவர் தீர்ப்புச் சொல்லி, ஆசை தீர ஒருமுறை விசிலும் ஊதினார். புகார் தள்ளுபடி.

"சரி," என்றான் மின்னல். "நான் நின்னுக்கிட்டே ஆடறேன். விதியில இடம் இருக்கில்ல?"

இருந்தது. பஸ் டிரைவர் ஏற்கெனவே திறந்துவிட்ட கதவு அது. மின்னல் சுவரோரம் போய் நின்று, பிறந்ததிலிருந்து திறக்காத அந்தப் பிடிப் பக்கத்தைச் செல்போனில் திறந்து படிக்க ஆரம்பித்தான்.

இறுதி ஆட்டத்துக்கு மன்றம் நிரம்பி வழிந்தது. மூன்று சுற்று, இரண்டு ஜெயித்தால் கோப்பை. மின்னல் தூண் போல நின்றான். பக்கத்தில் டாக்டர் நாற்காலியில். முதல் சுற்றில் நடந்ததை வாலால் பார்க்க முடியவில்லை. விரல் இடுக்கு வழியாகப் பார்த்தான். டாக்டர் பிடிக்கப் போனார். காற்று. அடி. பிடிக்கப் போனார். காற்று. அடி. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெரியம்மா திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"நாமதான் அண்ணி கெடுத்தோம்," என்றான் வால்.

அண்ணியின் காதுமடல் மறுபடி சிவந்தது. அவருக்கும் வருத்தம்தான்.

இரண்டாம் சுற்றில் டாக்டர் பிடிக்கவே போகவில்லை. தடுத்தார், பின்வாங்கினார், தடுத்தார். மின்னலுக்குத் தெம்பு ஏறிவிட்டது. குறடு என்று பேர் வாங்கியவரைப் பிடியாலேயே வீழ்த்திக் காட்டினால் கூட்டம் எப்படிக் கத்தும்? அந்த ஆசை அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. அவன் பொம்மை நெருங்கியது. இரண்டு கையையும் விரித்துப் பாய்ந்தது.

டாக்டரின் பொம்மை அதற்கு முன்பே ஒரு குதி பின்னால் குதித்திருந்தது.

மின்னல் காற்றைக் கட்டிப்பிடித்தான். அரை செகண்ட் சிலையாக நின்றான். டாக்டரின் பொம்மை நிதானமாக முன்னால் வந்து, அதுவரை யாரும் பார்த்திராத ஒரு காரியத்தைச் செய்தது. குத்தியது. குத்தி, உதைத்து, மறுபடி குத்தியது. மன்றமே எழுந்து நின்றது.

"அவ குத்துவாளா?" என்றார் பெரியம்மா, சற்றே கலவரத்தோடு.

மூன்றாம் சுற்றில் மின்னல் முதலில் ஒழுங்காகத்தான் ஆடினான். ஆனால் முகத்தில் விழுந்த அடி உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு பிடி, ஒன்றே ஒன்று பிடித்துக் காட்டிவிட்டால் போதும் என்று பாய்ந்தான். பின்னால் ஒரு குதி. காற்று. சிலை. குத்து. ஆட்டம் முடிந்தது. வால் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினான். அது கிறீச்சிட்டது யாருக்கும் கேட்கவில்லை.

கோப்பையைக் கையில் கொடுத்தும் டாக்டர் அதைப் பார்க்கவில்லை. மின்னலின் தாடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் நின்னேனே!" என்றான் மின்னல், கிட்டத்தட்ட அழுகிற குரலில். "ஒரு சத்தமும் போடலையே! எப்படித் தெரிஞ்சுது?"

"பிடிக்கணும்னு நினைச்சதும் பல்லைக் கடிச்சீங்க தம்பி. ரெண்டு தடவையும். நறநறன்னு." டாக்டர் கோப்பையை மாமியாரிடம் கொடுத்துவிட்டுக் கிட்டே வந்தார். "காலையில அந்த ரூம்லயே கேட்டேன். சின்ன சத்தம் இல்ல அது. விடிஞ்சு எழுந்தா இடப்பக்கத் தாடை வலிக்குமா?"

மின்னல் கன்னத்தைத் தொட்டுக்கொண்டான். "ஆமா. ஒரு வருஷமா. டாக்டர்கிட்ட போகணும்னாலே எனக்கு... பயம்."

அண்ணி வாலின் முழங்கையை இடித்தார். வால் புரிந்துகொண்டு, தான் ஏறி நின்ற நாற்காலியைத் துடைத்து மேடையில் கொண்டுபோய்ப் போட்டான்.

"உட்காருங்க," என்றார் டாக்டர். "பார்க்கத்தான் போறேன். கையில ஒண்ணும் இல்ல."

மன்றம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. மின்னல் உட்கார்ந்தான். நாற்காலி கிறீச்சிட்டது.

"சாயாதீங்க. வலிக்காது."

தான் காலையில் திருடி என்று பழி சுமத்திய டாக்டரின் வெறுங்கையை மின்னல் ஒரு கணம் பார்த்தான். பிறகு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வாயைத் திறந்தான்.